வாலில் எழுதிய எண்

ஜூன் 3, செவ்வாய்

இன்றைக்கும் நிலவைப் பற்றிக் கேட்டவர்களைவிடக் கழிப்பறைக்கு வழி கேட்டவர்கள்தான் அதிகம். அருங்காட்சியகத்தில் விண்வெளிக் கூடத்தின் கூரை மறுபடியும் ஒழுகுகிறது. விண்கலத்துக்கு நேர் கீழே ஒரு வாளி வைத்திருக்கிறோம். ஒரு சின்னப் பெண் அந்த வாளியையும் காட்சிப்பொருள் என்று நினைத்து, "இது எதுக்கு ஆன்ட்டி?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளுடைய அப்பா, "எரிபொருள் சிந்தினா பிடிக்கிறதுக்கு" என்று விளக்கம் கொடுத்துவிட்டார். விட்டுவிட்டேன். காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது.

எங்கள் இயக்குநருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ராக்கெட். கிளம்பும்போது சத்தம் பலமாக இருக்கும், போய்ச் சேருவாரா என்பது யாருக்கும் தெரியாது. முன்பு விமானங்கள் நிறுத்திய இரண்டாவது ஹேங்கர் பக்கம் போக வேண்டாம் என்று என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னார். "உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ் மேடம்." இந்த வயதில் சர்ப்ரைஸ் என்றாலே எனக்கு ஆகாது. அதுவும் அந்த ஹேங்கரில். அங்கிருந்துதான் என் வீட்டுக்காரர் கடைசியாகக் கிளம்பினார்.

இது விமானத் தளமாக இருந்தபோது இங்கே கல்யாணமாகி வந்தவள் நான். அப்போது நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகள் இப்போது டிக்கெட் கவுன்டரும் சாப்பாட்டுக் கடையும். எங்கள் படுக்கையறை இருந்த இடத்தில் குளிர்பானப் பெட்டி நிற்கிறது. ஒரு காலையில் கடல் மேல் பயிற்சிக்குப் போன விமானம் திரும்பவில்லை. அவரும் இல்லை, விமானமும் இல்லை, ஒரு துண்டுத் தகரம்கூட ஒதுங்கவில்லை. தளத்தை மூடி அருங்காட்சியகம் ஆக்கியபோது வழிகாட்டி வேலைக்கு ஆள் எடுத்தார்கள். வேறு எங்கே போவது என்று தெரியாமல் சேர்ந்தேன். இன்னமும் தெரியவில்லை.

ஜூன் 5, வியாழன்

வாளி நிரம்பி வழிந்தது. ஒரு வாத்தியார் வழுக்கி விழுந்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை வேலைகள் எங்கள் வீட்டில் மாறுவதே இல்லை. நான் அவருடைய கறுப்பு பூட்ஸை எடுத்து பாலிஷ் போடுவேன். மாமா பின்பக்கம் போய் அவருடைய பைக்கை உதைத்து, சற்று நேரம் ஓடவிட்டு, அணைப்பார். பூட்ஸைப் போட ஆள் இல்லை. பைக்கை ஓட்டவும் ஆள் இல்லை. நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை.

மாமா என்றால் அவருடைய அப்பா. நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மாமியார் போய், மகன் போய், இப்போது வீட்டில் அவரும் நானும்தான். இத்தனை வருடத்தில் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. சாம்பாரில் உப்பு அதிகமானால், "இன்னைக்குக் கடல்காத்து ஜாஸ்தி போல" என்பார். அவ்வளவுதான் அவருடைய கோபம்.

ஒரே ஒரு சொல்லை மட்டும் நாங்கள் வீட்டுக்குள் விடவில்லை. "அன்னைக்கு" என்போம். "அதுக்கப்புறம்" என்போம். நடுவில் இருப்பதைத் தாண்டிப் போய்விடுவோம். மாமா நம்பிக்கொண்டிருக்கிறார், எனக்குத் தெரியும். அந்த நம்பிக்கையை நான் உடைக்கக் கூடாது. இந்த வயதில் அவருக்கு வேறு என்ன இருக்கிறது.

சாயங்காலம் நாத்தனார் போன் செய்தாள். வழக்கம்போல அப்பாவைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். வழக்கம்போல மாமா, "இங்க வேலை இருக்கும்மா" என்றார். என்ன வேலை என்று அவளும் கேட்பதில்லை.

ஜூன் 12, வியாழன்

பார்த்துவிட்டேன்.

ராக்கெட் என்னை இரண்டாவது ஹேங்கருக்குள் கூட்டிப் போய், ஆட்களை விட்டுத் தார்ப்பாயை இழுக்கச் சொன்னார். உள்ளே ஒரு போர் விமானம். அவர் ஓட்டிய அதே ரகம். புதுச் சாம்பல் வண்ணம், இன்னும் பெயிண்ட் வாசனை. வாலில் 417. விமானியின் இருக்கைக்குக் கீழே அவருடைய பெயர், முழுப் பெயர், அப்பா பெயரின் முதலெழுத்தோடு.

ஏதோ ஒரு பயிற்சிப் பள்ளி வாசலில் மழையில் நின்றுகொண்டிருந்த பழைய விமானமாம். எஞ்சின் கிடையாது. வாங்கி வந்து, தேய்த்து, ஓட்டை அடைத்து, அவருடைய விமானத்தின் எண்ணை எழுதியிருக்கிறார்கள். "நம்ம தளத்துல காணாமப் போன ஒரே வீரர். உங்க மூலமா அவருக்கு ஒரு மரியாதை செய்யணும்னு ரொம்ப நாளா நெனச்சேன் மேடம்" என்றார். பொய்யில்லாமல்தான் சொன்னார். கண் கலங்கியிருந்தது மனுஷனுக்கு.

அந்த 4-இன் வளைவு, 7-இன் குறுக்குக் கோடு, எல்லாம் அப்படியே. எதைப் பார்த்து எழுதினார்கள்? ஒரு கணம், ஒரே ஒரு கணம்தான், திரும்பி வந்துவிட்டது என்றே நினைத்தேன். பிறகு அழுதேன். நன்றியில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு பெயிண்டர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

"சந்தோஷம்தானே மேடம்?"

"சந்தோஷம் சார்."

வேற என்னத்தைச் சொல்லித் தொலைக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

மாமாவிடம் எப்படிச் சொல்வேன்? வாழ்நாள் முழுக்கப் பேருந்து ஓட்டியவர். அவருக்கு வண்டி என்றால் எண்தான். ஒருமுறை பணிமனையில் ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்று ஒரு பேருந்தின் எண்பலகையைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினார்களாம். அதை ஓட்ட மாட்டேன் என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். இன்னமும் அதைச் சொல்லும்போது அவருக்கு மூச்சு வாங்கும். "நம்பர்தாம்மா வண்டி. மத்ததெல்லாம் தகரம்."

அந்த எண்ணை அவர் பார்த்தால்?

ஜூன் 15, ஞாயிறு

பூட்ஸ். பைக். வருகிற சனிக்கிழமை அந்த விமானத்துக்குத் திறப்பு விழா என்பதை நான் சொல்லவில்லை. மத்தியானம் மாமா தானாகவே தன் வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தார். காவலாளி சொல்லிவிட்டானாம். "என் பையனுக்கு மரியாதை பண்றாங்களாமே, நான் வராம எப்படி?" என்றார்.

அது அவருடைய விமானம் இல்லை மாமா என்று வாய்வரை வந்தது. இஸ்திரிப் பெட்டியோடு நிற்கிற மனிதரிடம் சொல்கிற விஷயமா அது? பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 21, சனி

நடந்துவிட்டது. நான் பயந்த மாதிரியே.

சிறப்பு விருந்தினர் வரத் தாமதம். எல்லோரும் வியர்வை வழிய ஹேங்கருக்குள் நின்றுகொண்டிருந்தோம். மாமா யாரையும் கேட்காமல் கயிற்றைத் தாண்டிப் போய் விமானத்தின் முன்சக்கரத்தில் கையை வைத்தார். குழந்தையின் தலையில் வைப்பதுபோல வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "வண்டி வந்துடுச்சும்மா" என்றார். சாதாரணமாக, நிறுத்தத்தில் நிற்கிறவர் சொல்வதுபோல.

எல்லோருக்கும் முன்னால் தேம்பி அழுதுவிட்டேன். பத்திரிகைக்காரர் ஒருவர் படம் எடுத்தார். மாமாவிடம், "இது உங்க மகனோட விமானமா ஐயா?" என்று கேட்டார். மாமா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஆமா, என் பையன் வண்டி" என்றார்.

ராக்கெட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் போய் விண்வெளிக் கூடத்தில் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அங்கே நிஜ ராக்கெட் கிளம்பும் ஒலிப்பதிவு ஓடிக்கொண்டே இருக்கும். பத்து, ஒன்பது, எட்டு. பூச்சியம் வந்ததும் ஓர் உறுமல், பிறகு மறுபடியும் பத்து.

ஜூன் 24, செவ்வாய்

காலையில் நான் கிளம்பும்போது மாமாவும் செருப்பை மாட்டிக்கொண்டார். "நானும் வரேன்." பகல் முழுக்க 417-க்கு எதிரில் இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் என்னோடு சாப்பிட்டார். சாயங்காலம் என்னோடு திரும்பினார். நாளைக்கும் வருவாராம்.

ஜூன் 27, வெள்ளி

தினமும் வருகிறார். பார்வையாளர்கள் அவரிடம்தான் போய்ப் பேசுகிறார்கள். என் விளக்கத்துக்கு யாரும் நிற்பதில்லை.

இன்று நான்கு மணிக்கு ஹேங்கர் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வெள்ளிக்கிழமையானா சீக்கிரம் வருவான்."

நானும் கதவைப் பார்த்தேன். கதவுக்கு வெளியே ஓடுபாதை. விரிசலெல்லாம் புல். அதற்கு அப்பால் வேலி. யார் வருவார்? எங்கிருந்து வருவார்?

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவரும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பயந்துபோன இரண்டு பேர் தெருவைக் கடப்பதுபோல இருந்திருக்கும்.

ஜூன் 28, சனி

"அவனுக்கு இந்தச் சாம்பல் கலரே பிடிக்காது." இதுவும் மாமா. பிடிக்காதாம்.

ஜூலை 2, புதன்

ராக்கெட்டிடம் போய் நின்றேன். எண்ணை அழித்துவிடச் சொன்னேன். முடியாதென்றால் விளக்கப் பலகையில் ஒரு வரியாவது சேர்க்கச் சொன்னேன்: இது அந்த விமானம் அல்ல, அதே ரகத்தைச் சேர்ந்த வேறொன்று.

"மேடம், நம்ம கிட்ட இருக்கிற நிலாக்கல் நிலாக்கல்லா? விண்வெளி வீரர் உடுப்புக்குள்ள யாராவது இருக்காங்களா? ஜனங்க வந்து பார்த்து நெகிழ்ந்து போறாங்க. அந்த ஒரு வரி எல்லாத்தையும் கெடுத்துடும்."

"நிலாக்கல்லுக்குக் கீழ 'மாதிரி'ன்னு போட்டிருக்கோம் சார். இதுக்குக் கீழ அது இல்ல."

"இது மாதிரி இல்லையே மேடம். நிஜ விமானம்தானே. நம்பர் மட்டும்தானே..." என்று இழுத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யோசிக்கிறேன்" என்றார். யோசிக்கிறேன் என்று அவர் சொன்ன விஷயங்களையெல்லாம் சேர்த்தால் இன்னொரு ஹேங்கர் கட்ட வேண்டியிருக்கும்.

வெளியே பெயிண்டர். "நான் வேணா ராத்திரியோட ராத்திரியா மேல பெயிண்ட் அடிச்சிடவா அக்கா?" என்றார். அவருக்கும் மனது கேட்கவில்லை போல. வேண்டாம் என்றேன். காலையில் மாமா வந்து, எண் இல்லாத வாலைப் பார்த்தால் என்ன ஆகும்? மறுபடியும் ஒருமுறை காணாமல் போக வேண்டுமா?

ஜூலை 6, ஞாயிறு

நாத்தனார் நேரிலேயே வந்துவிட்டாள். பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்திருக்கிறாள். மாமா பின்பக்கம் பைக்கை உதைத்துக்கொண்டிருக்கும்போது சமையலறையில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாவை இப்படிப் பைத்தியமாக்கி உக்கார வெச்சிருக்கீங்களே அண்ணி. தினமும் அங்க போய் அண்ணன் வருவான்னு உக்காந்திருக்காராமே."

"நானா உக்கார வெச்சேன்?"

"நீங்க சொல்லலேன்னா யார் சொல்றது? நான் சொன்னா நம்ப மாட்டார். உங்க வாயாலதான் சொல்லணும்."

கோபம் வந்தது. எல்லாவற்றையும் என் வாயால்தான் சொல்ல வேண்டும், என் கையால்தான் செய்ய வேண்டும். ஆனால் அவள் சொன்னதில் தப்பு இல்லை. அவளுடைய அண்ணனும்தானே போனார். அவள் யாரிடம் அழுதாள் என்று நான் ஒருநாளாவது கேட்டிருக்கிறேனா?

போகும்போது பூட்ஸைப் பார்த்தாள். பளபளவென்று இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 8, செவ்வாய்

சொல்லலாம் என்று பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமா தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பாதியை எனக்குக் கொடுத்தார். சாப்பிட்டோம். எழுந்து வந்துவிட்டேன். கோழை.

ஜூலை 11, வெள்ளி

இன்று நடந்ததை முழுதாக எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

மத்தியானத்திலிருந்து மழை. கூட்டம் இல்லை. விண்வெளிக் கூடத்தில் இரண்டாவது வாளி வைத்துவிட்டு இரண்டாவது ஹேங்கருக்கு வந்தால் பெஞ்ச் காலி. நிமிர்ந்து பார்த்தேன். மாமா மேலே, விமானி இருக்கையில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி மூடி திறந்திருக்க, தலை மட்டும் வெளியே தெரிந்தது. பெயிண்டர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ரொம்பக் கேட்டாரு அக்கா" என்றார் என்னிடம், திருடி மாட்டிக்கொண்டவர்போல.

நான் கத்தவில்லை. மாமா மெதுவாக இறங்கி வந்தார். பெஞ்சில் உட்கார வைத்தேன். பெயிண்டரைத் தேநீர் வாங்க அனுப்பினேன்.

பிறகு சொன்னேன். எதிரே நின்றுகொண்டு, ஒப்பிப்பதுபோல.

"மாமா, இது அவர் விமானம் இல்ல. வேற எங்கிருந்தோ கொண்டுவந்து நம்பர் எழுதியிருக்காங்க. அவர் வர மாட்டார். அவர் செத்துட்டார் மாமா."

அந்தச் சொல் வாயிலிருந்து வெளியே வந்ததே எனக்கு விநோதமாக இருந்தது. என் குரல்தான். ஹேங்கர் பெரிதாக இருப்பதால் இன்னொரு தடவையும் கேட்டது.

மாமா என்னை ஏறிட்டுப் பார்த்தார். அழவில்லை. அதிரவில்லை. சொன்னார்:

"அப்பாடா. சொல்லிட்டியா."

எனக்குப் புரியவில்லை.

"தெரியும்மா எனக்கு. கடல்ல விழுந்தது இப்படிப் பொட்டு வெச்ச மாதிரியா திரும்பி வரும்? எனக்கு அவ்வளவுகூடவா புத்தி இல்ல?"

"அப்ப அன்னைக்கு வண்டி வந்துடுச்சுன்னு சொன்னீங்க."

"அந்தப் பெரிய மனுஷனோட கார் வந்துடுச்சுன்னு சொன்னேன். வாசல்ல ஹாரன் அடிச்சாங்களே, உனக்குக் கேக்கலையா? நீ என்னடான்னா விமானத்தைப் பார்த்து அப்படி அழுதே. ஐயையோ, இவ நம்பிட்டாளேன்னு ஆயிடுச்சு எனக்கு. பேப்பர்காரன் கேட்டப்போ எல்லார் முன்னாடியும் இது பொய்யின்னு சொல்லவா? உன் மனசு உடையும். உன் வேலையும் போகும்."

நான் உட்கார்ந்துவிட்டேன். தரையிலேயே.

"தினமும் எதுக்கு வந்தீங்க?"

"உன்னைத் தனியா இந்த விமானத்துக்கு எதிர்ல விட்டுட்டு வீட்டுல எப்படி இருக்கிறது?"

"வெள்ளிக்கிழமையானா வருவான்னு சொன்னீங்களே மாமா. நீங்க சொன்னீங்க. என் காதால கேட்டேன்."

"வருவான். அப்பல்லாம் வருவான்ல? வெள்ளிக்கிழமை சீக்கிரம் வந்து உன்னையும் பைக்ல ஏத்திக்கிட்டு வெளிய போவான். அதைச் சொன்னேன். இனிமே வருவான்னா சொன்னேன்?"

வருவான். சொல் ஒன்றுதான். முன்னாலெல்லாம் வருவான், இனிமேல் வருவான், இரண்டுக்கும் நம்மிடம் அதே சொல்தான். பிடிக்காது என்பதும் அப்படித்தான். அப்போதும் பிடிக்காது, இப்போதும் பிடிக்காது. மாமா போனதைப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். நான் வரப்போவதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். எத்தனை வருடமாக?

"பூட்ஸுக்கு பாலிஷ் போடுறியே" என்றார்.

"நீங்க பார்க்கிறீங்களேன்னு போட்டேன். போடலேன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னு. நீங்க பைக்கை ஸ்டார்ட் பண்றீங்களே?"

"நீ அதை யாருக்கும் கொடுக்கவே மாட்டேங்கிறே. அவன் வந்து ஓட்டுவான்னு வெச்சிருக்கே, கெட்டுப்போனா உனக்குத் தாங்காதுன்னுதான்."

"நீங்க ஸ்டார்ட் பண்றீங்கன்னுதான் நான் கொடுக்கல."

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. சிரித்தோம். வயிறு வலிக்கிற அளவுக்குச் சிரித்தோம். தேநீரோடு வந்த பெயிண்டர் எங்களைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். பிறகு மாமாவின் தோள் வேறு மாதிரி குலுங்கியது. நான் அவருடைய முழங்காலில் தலையை வைத்துக்கொண்டேன். மழை தகரக் கூரையில் கொட்டியது. அவருக்காக நாங்கள் இருவரும் சேர்ந்து அழுதது இதுதான் முதல் தடவை.

"மேல ஏறி உக்காந்தீங்களே, எதுக்கு?" என்று கேட்டேன், கிளம்பும்போது.

"எப்படி இருக்கும்னு பார்க்கத்தான். கால் நீட்ட இடமே இல்லம்மா. பாவம், நெட்டைப் பய" என்றார்.

ஜூலை 12, சனி

அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன். எழுந்ததும் அதற்காக வெட்கமாக இருந்தது. மாமா இன்று என்னோடு வரவில்லை. வர வேண்டிய அவசியம் இல்லையே.

ஜூலை 13, ஞாயிறு

பூட்ஸை எடுக்கவில்லை. பின்பக்கம் சத்தம் இல்லை. வெகு நீளமான ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிக்கே மத்தியானச் சமையலை முடித்துவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. சண்டை இல்லை, ஒன்றும் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் அவர் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். முன்பெல்லாம் அவருக்கு வருத்தம் வராதபடி பேச வேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்குவேன். அவரும் எனக்காகப் பொறுக்கியிருக்கிறார். அந்தப் பொறுக்கலில்தான் எங்கள் சாயங்காலங்கள் ஓடியிருக்கின்றன. இப்போது எதை வேண்டுமானாலும் பேசலாம். பேச ஒன்றும் இல்லை.

உப்பு கூடிப்போன குழம்பை இன்று சாப்பிட்டுவிட்டு எழுந்தார். கடல்காற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ராக்கெட் பலகையை மாற்றிவிட்டார். நான் கேட்ட வரியைச் சின்ன எழுத்தில் கடைசியில் சேர்த்திருக்கிறார். யாரும் அதுவரை படிப்பதில்லை. இப்போது அது இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

ஜூலை 20, ஞாயிறு

நாத்தனார் வீட்டுக்காரர் வந்து பைக்கை எடுத்துக்கொண்டு போனார். தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கவில்லை. ஒரே உதையில் கிளம்பியது. மாமா தெருமுனைவரை பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, உள்ளே வந்து, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்:

"அவ ரொம்ப நாளாக் கூப்பிடுறா. போய் இருக்கலாம்னு பார்க்கிறேன்."

"எத்தனை நாளைக்கு மாமா?"

"இங்க இனிமே எனக்கு என்னம்மா வேலை இருக்கு?"

அந்த வேலை நான்தான் என்று இப்போது தெரிகிறது. காத்திருக்கிறவளுக்குத் துணை இருக்கிற வேலை. நான் காத்திருக்கவில்லை என்று ஆனதும் அது முடிந்துபோயிற்று. எனக்கும் அவர் அந்த வேலையாகத்தான் இருந்தார். ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டிருந்தவரைக்கும் ஒரு குடும்பமாக இருந்திருக்கிறோம்.

இருங்க மாமா என்று சொல்லலாம். எந்த உரிமையில் சொல்வது? அவருக்குப் பெற்ற மகள் இருக்கிறாள், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், பேச ஆள் இருக்கும். இங்கே பகல் முழுக்கத் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். போகட்டும். அவருக்கு அதுதான் நல்லது.

இதையும் அவருக்காகத்தான் என்று சொல்லிக்கொள்கிறேனா? மறுபடியுமா?

ஜூலை 23, புதன்

இன்றைக்குக் கேட்டுவிட வேண்டும் என்று சீக்கிரமே வீட்டுக்கு வந்தேன். பெட்டியைக் கட்டி முடித்து, கயிறும் போட்டிருந்தார். கேட்கவில்லை.

ஜூலை 26, சனி

மாமாவைப் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்தேன்.

ஓட்டுநருக்குப் பின்னால் சன்னல் ஓரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததுமே எட்டிப் பார்த்து, "கிளட்ச்ல எப்பவும் காலை வெச்சிருக்கான் பாரு, ஒரு மாசம் தாங்காது" என்று முணுமுணுத்தார். பெட்டியை மேலே வைத்தேன். தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்தேன். மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொன்னேன். பிறகு இறங்கி சன்னலுக்குக் கீழே நின்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாரா, இல்லை சும்மா பார்த்தாரா? எனக்கு அவருடைய முகத்தைப் படிக்கத் தெரியாது என்பதுதான் இந்த மாதம் நான் தெரிந்துகொண்டது. வண்டி உறும ஆரம்பித்தது.

"போறேம்மா" என்றார்.

பக்கத்து இருக்கையில் இருந்த பெண்மணி பதறிப்போனாள். "போறேன்னு சொல்லாதீங்க பெரியவரே. போயிட்டு வரேன்னு சொல்லுங்க."

மாமா அவள் பக்கம் திரும்பாமல், என்னைப் பார்த்தபடியே சொன்னார்:

"அப்படிச் சொல்லிட்டுப் போனா இவ வாசல்லயே நிப்பா."

போயிட்டு வாங்க என்ற பதில் என் வாயில் தயாராக இருந்தது. எல்லோருக்கும் சொல்கிற பதில். அன்றைக்குக் கடல் மேல் போனவருக்கும் அதைத்தான் சொன்னேன். போறேன் என்பவருக்கு என்ன பதில் சொல்வது என்று யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

"சரி மாமா" என்றேன். வண்டி கிளம்பியது.